க்ரூஸ் கண்ட்ரோல் நின்றால் பிரேக் விளக்கைப் பாருங்கள்

கொள்முதலுக்கும் வசூலுக்கும் நான்குவழிச் சாலையில் காரில் போய்வருவோர் நம்மில் பலர். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் இப்போது பல கார்களில் உண்டு. பார்வையிழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் உருவாக்கிய இது, 1958-இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது.

பல வண்டிகளில் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இது இயங்காது, அது பழுதல்ல. அதற்கு மேலும் இயங்காவிட்டால், விலை உயர்ந்த கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றச் சம்மதிக்குமுன், ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். மிதித்தும் விளக்கு எரியவில்லையா? காலை எடுத்தும் அணையவில்லையா? பல்பையும் ஃப்யூஸையும் பார்த்துவிட்டு, பெடலுக்கு மேலுள்ள சிறு சுவிட்சைப் பாருங்கள். விளக்கை எரிப்பதும் க்ரூஸை நிறுத்துவதும் அதுதான். அதில் கோளாறு என்றால், பாதுகாப்புக்காக க்ரூஸ் இயங்காதபடியே அமைத்திருக்கிறார்கள்.

விளக்கு சரியாக இருந்தால் கிளட்ச் பெடல் சுவிட்சைச் சோதிக்கச் சொல்லலாம். ஹாரனும் அடிக்காமல், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிளில் பழுதிருக்கலாம். ஏர்பேக் இருக்கும் இடமாதலால் அதை நாமே பிரிக்கக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து, வரும் கோளாறு எண்ணை எழுதி வாங்குங்கள். எடை பார்க்காமல் மூட்டை இறக்குவோமா?

க்ரூஸ் இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம். பிரேக் விளக்கு எரியாமல் போனால், பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் நிற்பது எப்படித் தெரியும்? அன்றே சரிசெய்வோம்.