வெற்றிலைத் தட்டமும் கலத்தின் ஏடும்

விருந்தினர் திண்ணையில் அமர்ந்ததும் வெற்றிலைத் தட்டம் வருதல் நம்மவரின் நெடுங்கால வழக்கம். பாட்டியார் பாக்குரலில் இடிக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தோர் நம்முட் பலர். அத் தட்டத்தைக் குறை கூற நமக்கும் எளிதில் மனம் வரவில்லை. ஆயினும், இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோயே முன்னிற்கின்றது. பெண்களும் அதற்கு விலக்கல்லர். புகையிலை கூட்டிய தாம்பூலம் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. புகையிலையைத் தவிர்த்தாற் போதும் என்று ஆறுதல் கொண்டிருந்தோருக்கு, 2004இல் வெளியான அதன் நூல் அந்த ஆறுதலையும் இல்லாமற் செய்தது. பாக்கும் தனித்து நின்றே புற்றுநோயை உண்டாக்கும் என்பது அதன் முடிவு.

வாயில் மென்ற பாக்கு, கண்ணுக்குத் தெரியாத கலத்தினுள் யாது செய்கின்றது?

நம் உடலின் கலங்களில் டீ.என்.ஏ. என்னும் ஏடு உண்டு. நான்கே எழுத்துக்களால் ஆகிய அவ்வேட்டின் ஒரு படியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் உள. புகையிலையிலிருந்தும் பாக்கிலிருந்தும் தோன்றும் நைத்திரோசமீன்கள் என்னும் பொருட்கள் கலத்தினுட் சென்று, குவானின் என்ற எழுத்தின்மீது மெதயில் என்னும் சிறு அணுக்கூட்டத்தை ஒட்டிவிடக்கூடும். கலம் இரண்டாகப் பிரியுமுன் ஏட்டைப் படியெடுக்கும்போது, இவ்வாறு கறைபட்ட எழுத்துப் பிழையாக வாசிக்கப்படுகின்றது. அப்பிழை பின்வரும் கலங்களுக்கெல்லாம் முதுசமாகின்றது.

இத்தகைய கறைகளைத் துடைக்கக் கலத்திலேயே காவலர் உளர். ஒரு புரதம் அந்த மெதயிலைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு எழுத்தைத் தூய்மையாக்குகின்றது; அத்துடன் அதன் ஆயுளும் முடிகின்றது. ஒரு கறைக்கு ஒரு புரதம் பலி! டீ.என்.ஏ.யைக் கலம் பழுதுபார்க்கும் முறைகளை ஆராய்ந்த லிண்டால், மொட்ரிச், சஞ்சார் ஆகிய மூவருக்கும் 2015ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபெற் பரிசு கிடைத்தது.

இனி, வியப்பான பகுதிக்கு வருவோம். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாமலே ஏட்டின் ஒரு பக்கம் பயனற்றுப் போதல் கூடும். கண்ணின் கலத்துக்கும் ஈரலின் கலத்துக்கும் ஏடு ஒன்றே. வேண்டாத பக்கங்களை மூடி வைப்பதாலேயே ஒன்று கண்ணாகவும் மற்றொன்று ஈரலாகவும் தொழில் புரிகின்றன. அங்ஙனம் மூடுவதற்குக் கலம் கையாளும் முத்திரைகளுள் ஒன்றும் அதே மெதயில்தான். ஆனால் இம்முறை அது ஒட்டுவது சைற்றோசின் என்ற வேறோர் எழுத்தில். உரிய இடத்தில் ஒழுங்கு காக்கும் பொருள், இடம் மாறினாற் கேடு செய்கின்றது.

வாய்ப்புற்றுநோய்க் கலங்கள் பலவற்றில், கலப்பிரிவுக்குத் தடை போடும் பீ-16 என்னும் பரம்பரையலகு இவ்வாறு முத்திரையிடப்பட்டுக் கிடக்கக் கண்டுள்ளனர். சிலவற்றிலோ, மேலே சொன்ன காவற் புரதத்தை ஆக்கும் பக்கமே மூடப்பட்டிருக்கின்றது. காவலன் பிறவாதபோது கறைகளைத் துடைப்பவர் யார்? பிழைமேற் பிழை சேர்கின்றது. எழுத்துக் கேடும் முத்திரைக் கேடும் கைகோத்து நடப்பது இங்ஙனமே.

எழுத்துப் பிழை நிலைத்துவிட்டால் அதனை மீட்டல் அரிது, முத்திரையையோ அகற்றலாம். அவ்வாறு அகற்றும் அசாசைற்றிடின் என்ற மருந்து, எலும்பு மச்சையின் நோயொன்றுக்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாய்ப்புற்றுநோய்க்கு அது வழக்கமான சிகிச்சையன்று.

எனினும் இந்நோய் ஒரு நாளில் வருவதன்று. பல ஆண்டுகளாகப் பிழைகள் சேரும் காலத்தில், கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமோ செம்படலமோ தோன்றலாம். வாயை முன்போல் அகலத் திறக்க இயலாது போகலாம். இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண் இருக்கலாம். அந்நிலையிற் பல் வைத்தியர் பார்த்தாற் செய்யக்கூடியவை பல. ஈரலையும் சுவாசப்பையையும் போலன்றி, வாயைப் பார்க்க நல்ல வெளிச்சமே போதும். ஆனால், "பாட்டி, வாயை ஒருக்காத் திறவுங்கோ" என்று கேட்க நமக்குக் கூச்சம். திறந்து காட்ட அவருக்கோ அதனினும் கூச்சம்.