தாளின் நிறையும் பறப்பின் கணக்கும்

தாளை மடித்துப் பறக்கவிடுதல் வெறும் பிள்ளை விளையாட்டு என்றே பெற்றோராகிய நாம் கருதுகின்றோம். அப்பியாசக் கொப்பியின் நடுத்தாள் காணாமற் போனால் கடிந்துகொள்ளவும் செய்கின்றோம். ஆயினும் நாம் வாழும் இந்த ஜேர்மனியிலே, பிறவுண்ஸ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2013ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆம் நாள் அதே விளையாட்டை உலக சாதனையாக்கினர். அவர்கள் அமைத்த காகித விமானத்தின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 18.21 மீற்றர் நீளமுடையவை. நடுவில் வளைந்து திரும்பும் நீண்ட நகரப் பேருந்தும் ஏறத்தாழ அவ்வளவு நீளமே. விமானத்தின் நிறை 24 கிலோகிராம். ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உயரமான மேடையிலிருந்து ஏவப்பட்டு, அது 18 மீற்றர் தூரம் பறந்தது.

"இவ்வளவுதானா?" என்று மாணவர் கேட்கக்கூடும். நன்றாக மடித்த சிறு விமானம் அதைவிடத் தூரம் செல்லுமே! 1995ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்ற் பல்கலைக்கழக மாணவர்கள் 13.97 மீற்றர் இறக்கையுடன் விட்ட விமானமும் 34.80 மீற்றர் பறந்ததுதான். எனினும் இங்கே வியக்கத்தக்கது தூரமன்று. அந்த 24 கிலோகிராம்தான்.

கணக்கைப் பார்ப்போம். நாம் நாளாந்தம் பயன்படுத்தும் ஏ4 தாளின் அளவு 1922ஆம் ஆண்டு ஜேர்மனியிலே வகுக்கப்பட்டது. அத்தகைய 16 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றர் 80 கிராம் என்றால், ஒரு தாள் 5 கிராம். அதில் மடித்த விமானத்தின் இறக்கை அகலம் 20 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். பிறவுண்ஸ்வைக் விமானம் அதைவிட ஏறத்தாழ 90 மடங்கு பெரியது. நீளம், அகலம், தாளின் தடிப்பு ஆகிய மூன்றையும் 90 மடங்கு ஆக்கினால் நிறை 90 × 90 × 90 மடங்காகும். அதாவது 5 கிராம் விமானம் 3,645 கிலோகிராம் ஆகிவிடும்! தடிப்பைக் கூட்டாது விட்டாலும் 40 கிலோகிராமுக்கு மேல் வரும். இறக்கைகளோ ஈரத்துணிபோல் தொங்கிவிடும். ஆகவே சிறியதை அப்படியே பெரிதாக்குதல் ஒருபோதும் பயன் தராது. புதிதாகச் சிந்தித்தே ஆகவேண்டும்.

அச்சிந்தனையின் அடிப்படையை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். இரு புத்தகங்களுக்கிடையே ஒரு தாளைப் பாலமாக வையுங்கள். அது தன் நிறையையே தாங்காது தொய்ந்துவிடும். அதே தாளை நெடுக்காக விசிறிபோல் மடித்து வைத்தால் சில நாணயங்களையும் தாங்கும். குழலாகச் சுருட்டினாலும் எளிதில் வளையாது. தாள் கூடவில்லை, வடிவம் மட்டுமே மாறிற்று. எமது ஊர்ப் பனையோலை அத்தனை காற்றுக்கும் விறைத்து நிற்பது அதன் மடிப்புகளினாலன்றோ! சிறிய காகித விமானத்தின் நடு மடிப்பும் இதே வேலையைத்தான் செய்கின்றது.

நிறை குறைந்தால் மட்டும் போதாது. அந்த நிறை எங்கே இருக்கின்றது என்பதும் முக்கியம். ஒரு பொருளின் நிறை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்போம். (ஜேர்மன் பாடசாலையில் 'ஷ்வேர்புங்ற்' என்று பிள்ளைகள் படிப்பது இதனையே.) விமானத்தின் மூக்கைப் பலமுறை மடிப்பது அழகுக்காக அன்று, ஈர்ப்பு மையத்தை முன்னே கொண்டுவருவதற்காகவே. அது பின்னே போய்விட்டால் மூக்கு மேலெழும். மிகையாக மேலெழுந்தால் இறக்கையின் மேற்புறம் வழுவிச் செல்லும் காற்று பிரிந்துவிடும். தூக்கும் விசை குன்றி விமானம் விழும்.

இது உயிரையும் பறித்ததுண்டு. ஜேர்மனியைச் சேர்ந்த ஒற்றோ லிலியென்தால் பறவைகளின் இறக்கைகளை ஆராய்ந்து 1889இல் நூல் எழுதியவர். 1891 முதல் துணி போர்த்திய இறக்கைகளில் தாமே தொங்கிப் பறந்தவர். பேர்லின் லிஃற்றர்ஃபெல்டேயில் இதற்கென்றே ஒரு குன்றையும் அமைத்தார். தம் உடலை முன்னும் பின்னும் அசைத்து ஈர்ப்பு மையத்தை மாற்றுவதே அவரது கட்டுப்பாட்டு முறை. 1896ஆம் ஆண்டு ஓகஸ்ற் 9ஆம் நாள், ஸ்ரொல்ன் கிராமத்துக்கு அருகே அவரது கருவி காற்றில் மூக்குயர்ந்து நின்றது. அவர் உடலை முன்னே எறிந்தும் பயனில்லை. ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள் பேர்லினில் உயிர்நீத்தார். றைற் சகோதரர்கள் அவருடைய எழுத்துகளைப் படித்தே தம் பணியைத் தொடங்கினர்.

நம் கையிலுள்ள தாளில் அதே பிழையை அச்சமின்றித் திருத்தலாம். மேலெழுந்து நின்று விழுகின்றதா? மூக்கில் இன்னொரு மடிப்பு இடுங்கள். நேரே நிலத்தில் குத்துகின்றதா? இறக்கைகளின் பின் ஓரத்தை மிகச் சிறிதளவு மேல்நோக்கி வளையுங்கள். இடப்புறம் சாய்ந்து திரும்பினால் வலது இறக்கையின் பின் ஓரத்தை மட்டும் சற்று உயர்த்துங்கள். இரு இறக்கைகளும் நடு மடிப்பிலிருந்து வெளிநோக்கிச் சிறிது உயர்ந்திருக்குமாயின், சரிந்த விமானம் தானாகவே நிமிரும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து முறை எறிந்து, தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்பது விளங்காமற் போகும்.