காத்திருக்கத் தெரிந்த ஊர்

திருச்சி மலைக்கோட்டை ஏறி, உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு வடக்கே திரும்பிப் பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, தென்னைகளுக்கு மேலே கோபுரங்கள் தெரிகின்றன அல்லவா? அதுதான் ஸ்ரீரங்கம்.

மற்ற இடங்களில் ஊருக்குள் கோயில் இருக்கும். இங்கோ கோயிலுக்குள் ஊர் இருக்கிறது! கோயிலுக்கு ஏழு மதில்கள். வெளிச் சுற்றுகளான சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வீடுகள், கடைகள், காப்பி ஹோட்டல்கள்! வாசலில் கோலம் போடும் மாமியும், பள்ளிக்கு ஓடும் பையனும் பிராகாரத்திலேயே குடியிருப்பவர்கள்.

ஏழு மதில்களாலும் ஊரைக் காக்க முடியாத நாளும் வந்தது. 1323-ல் டில்லிப் படை நெருங்கியபோது, முதியவரான பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாள் விக்கிரகத்துடன் வெளியேறினார். அவர் திரும்பவே இல்லை, வழியிலேயே காலமானார். திருமலை உட்படப் பல இடங்களில் தங்கிய பெருமாள், விஜயநகரத் தளபதி கோபணரின் துணையால் 1371-ல்தான் ஊர் திரும்பினார். நாற்பத்தெட்டு ஆண்டுகள்! பிரிந்தபோது இடுப்பில் இருந்த குழந்தை, நரைத்த தலையோடல்லவா வரவேற்றிருக்கும்!

தெற்கு வாசல் ராஜகோபுரத்தின் கதையும் அப்படித்தான். பல நூற்றாண்டுகள் அடிப்பகுதியோடு மொட்டையாக நின்றது. அகோபில மடத்து ஜீயரின் முயற்சியால் 1987-ல் பதின்மூன்று நிலைகளுடன் 236 அடிக்கு நிமிர்ந்தது.

அடுத்த முறை அந்த வாசலில் நுழையும்போது, அவசரப்படாமல் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். காத்திருந்து பெற்றதன் அழகே தனி!