காலக் கணிப்பும் மருத்துவக் கருவிகளின் பாதுகாப்பும்

இதயத் தமனியின் அடைப்பை நீக்கி, அது மீண்டும் சுருங்காதவாறு 'ஸ்டென்ட்' எனப்படும் உலோக வலைக்குழலைப் பொருத்துவது பரவலாகிவிட்ட சிகிச்சையாகும். மருந்து பூசிய ஸ்டென்ட் 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. தமனி மீண்டும் சுருங்குவதை அது வெகுவாகக் குறைத்தது. ஆயினும், பொருத்திப் பல மாதங்கள் சென்ற பின்னர் சிலருக்குக் குழலினுள் இரத்தம் உறைந்து மாரடைப்பும் மரணமும் நேர்ந்தமை கவலையைத் தோற்றுவித்தது. 2006 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு இதனை ஆராயக் கூடியது.

இவ்வகை உறைவில் காலமே வகையை நிர்ணயிக்கிறது. 30 நாட்களுக்குள் நேர்வது முந்திய உறைவு. அதன்பின் ஓராண்டுக்குள் நேர்வது பிந்திய உறைவு. ஓராண்டைக் கடந்தது மிகப் பிந்திய உறைவு. குளோபிடோகிரெல் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து நிறுத்தப்பட்டது உறைவுக்கு முன்னரா, பின்னரா என்பதும் முக்கியமான வினாவாகும். பின்னர் நிறுத்தப்பட்டிருப்பின், அந்நிறுத்தத்தைக் காரணமாகக் கூற இயலாது என்பது வெளிப்படை.

அந்நிர்வாகத்தின் 'மாட்' என்னும் தரவுத் தொகுப்பில் கருவிகள் பற்றிய அறிக்கைகள் பெருமளவில் குவிந்துள்ளன. ஆனால் வேண்டிய செய்தி பெரும்பாலும் உரைநடையில் புதைந்து கிடக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம்: "மார்ச் 10இல் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது, அன்று தொடங்கிய மருந்து ஆறு மாதங்களில் நிறுத்தப்பட்டது, இரு வாரங்கள் கழித்து உறைவு ஏற்பட்டது." உறைவின் தேதி இதில் எங்கும் இல்லை. கணிப்பொறி ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டி, மருந்து செப்டம்பர் 10இலும் உறைவு செப்டம்பர் 24இலும் நேர்ந்தன என வருவிக்கிறது. பொருத்தியதிலிருந்து 198 நாட்கள். எனவே இது பிந்திய உறைவு. மருந்து நிறுத்தியதற்கும் பிந்தியது.

இதற்குரிய தருக்க அடிப்படையை 1983இல் ஜேம்ஸ் ஆலன் வகுத்தளித்தார். இரு காலப் பகுதிகளுக்கிடையே முன்னது, தொட்டு நிற்பது, மேற்படிவது, உள்ளடங்குவது முதலாக 13 உறவுகளே இருக்க இயலும் என்று அவர் காட்டினார். மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2010இல் மருத்துவக் குறிப்புகளுக்கென 'சின்ட்ரோ' என்னும் காலக் கருத்தமைப்பை வெளியிட்டனர். அது பின்னர் ஸ்டென்ட் உறைவு அறிக்கைகளை ஆராயவும் பயன்படுத்தப்பட்டது.

"சில வாரங்களில்" என்று எழுதப்பட்டிருந்தால் என் செய்வது? ஒரே தேதியை ஊகிப்பது தவறு. மிக முந்திய, மிகப் பிந்திய எல்லைகள் இரண்டையும் பொறி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வெல்லைகள் 30ஆம் நாளின் இரு புறமும் விழுமாயின், மருத்துவரே தீர்ப்பளிக்க வேண்டும். அறிக்கை வந்து சேர்ந்த தேதியை நிகழ்ச்சியின் தேதியாகக் கொள்வது இன்னும் மோசமான பிழை. அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று.

மற்றொரு வரம்பும் உண்டு. எத்தனை பேருக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது என்னும் வகுக்கும் எண் இவ்வறிக்கைகளில் இல்லை. ஆகவே ஆபத்தின் விகிதத்தை இவற்றிலிருந்து கணக்கிட முடியாது. நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டுமே அறியலாம்.

இந்தியாவில் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் 2015 ஜூலை 6 அன்று தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதனை ஒருங்கிணைக்கிறது. அறிக்கை எழுதும் மருத்துவமனைகள் கருவி பொருத்திய நாள், மருந்து நிறுத்திய நாள், தீங்கு நேர்ந்த நாள் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தனுப்பினால், பொறி ஊகிக்க வேண்டிய பகுதி பெரிதும் குறையும்.