கொம்பன் சுறாவும் பழந்தின்னி வௌவாலும்

சுறா மீனினத்தது, வௌவால் முலையூட்டியினத்தது. முன்னது பூக்களால் நீரிற் சுவாசிப்பது. அதன் வன்கூடு கசியிழையத்தாலானது. பின்னது நுரையீரலாற் சுவாசித்து, விரலெலும்புகளிடையே விரிந்த தோலையே சிறகாகக் கொண்டு பறப்பது. கற்பிட்டித் தீபகற்பத்துப் பள்ளிவாசல்துறை போன்ற ஊர்களில் இவ்விரண்டும் புதியன அல்ல. ஆயினும் வலையில் வீழும் மீனையும் தோட்டத்து மாங்கனியைக் கடிக்கும் பிராணியையும் ஒருங்கு வைத்து ஆராய்வார் அரியர். அங்ஙனம் ஆராயின், மகப்பேற்றில் இவற்றிடையே வியத்தகு ஒப்புமை புலப்படும்.

மீன்களுட் பெரும்பாலானவை முட்டையிடுவன. கொம்பன் சுறாவோ குட்டி ஈனுவது. கரு, தொடக்கத்திற் கருவூணை உண்டு வளரும். அது தீர்ந்ததும், வெறுமையான கருவூண் பை தாயின் கருப்பைச் சுவரோடு பொருந்திச் சூல்வித்தகமாகிறது. தொப்புட்கொடி வழியே உணவு செல்கிறது. வௌவாலின் கருவும் சூல்வித்தகத்தாலேயே ஊட்டம் பெறுகிறது. தொடர்பற்ற இரு குலங்கள் தனித்தனியே இம்முறையை எய்தின என்க. ஒருவகைச் சிறு சுறாவில் இவ்வமைப்பு உண்டென்பதை அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்; பலர் நம்பவில்லை. 1842இல் யொகான்னஸ் முல்லர் அதனை மெய்யென நிறுவினார்.

பிறந்தபின் ஒப்புமை முறிகிறது. வௌவால் தன் ஒற்றைக் குட்டியை மார்பிலே சுமந்து பாலூட்டும். சுறாவுக்குப் பாலுமில்லை, பேணலுமில்லை. பாலூட்டும் தாய்மாருக்குப் பால் பெருகுமென்று நம்மவர் பாற்சுறாவைச் சமைத்துக் கொடுப்பது ஈண்டு நினைக்கத்தக்கது!

பல்லாயிரம் முட்டையிடும் மீன்கள் பெருவாரியாகப் பிடிபடினும் மீளப் பெருகவல்லன. பழந்தின்னி வௌவாலோ ஆண்டிற்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும்; கொம்பன் சுறா பல மாதங்கள் சுமந்து சில பத்துக் குட்டிகளே ஈனும். ஆகவே தாய் விலங்கு ஒன்றின் இழப்பு எளிதில் ஈடுசெய்யப்படுவதன்று. இலுப்பை விதையைப் பரப்பும் வௌவாலை, இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தீங்குயிர்களோடு சேர்த்திருந்தது. கொம்பன் சுறாவின் ஒருவகை 2019இல் மிக அருகிய இனமாக மதிப்பிடப்பட்டது. அதன் பன்னாட்டு வாணிகம் 2014 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எனினும் அச்சுறாவின் குட்டிகள் வளர்வது கரையோரத்து ஆழமற்ற நீரிலே. அங்கே விரிக்கப்படும் வலைக்கு வாணிகக் கட்டுப்பாடு தடையாவதில்லை.