சூற்பை ‘நீர்க்கட்டி’யும் ஜீன்களின் செயற்பாடும்

மாதவிடாய் ஒழுங்காக வராத மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தாய், ‘நீர்க்கட்டி’ என்னும் சொல்லைக் கேட்டதும் அறுவைச் சிகிச்சையையும் புற்றுநோயையும் எண்ணிக் கலங்குகிறாள். இந்நோயில் சூற்பையில் காணப்படுபவை கட்டிகள் அல்ல. முதிர்ச்சியடையாது இடையில் நின்றுவிட்ட சூல் நுண்பைகளே. 1935-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர்களாகிய ஸ்டைன், லெவென்தால் என்னும் இருவர் ஏழு பெண்களிடம் இதனைக் கண்டு விவரித்தனர். நோயின் பெயரில் ‘கட்டி’ புகுந்து நிலைத்துவிட்டமையால் மொழிபெயர்ப்பாளனும் அதனையே எழுதவேண்டியவனாகிறான்.

ஒவ்வொரு நுண்பையையும் இருவகை உயிரணுக்கள் சூழ்ந்துள்ளன. புறத்தேயுள்ள தீக்கா அணுக்கள் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மை ஹார்மோன்களை ஆக்குகின்றன. அகத்தேயுள்ள கிரானுலோசா அணுக்கள் அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆகவே ஆண்மை ஹார்மோன் எல்லாப் பெண்களின் உடலிலும் உண்டு. அதன் அளவு மிகும்பொழுதே முகத்தில் உரோமம், பரு, மாதவிடாய்த் தடை முதலியன தோன்றுகின்றன.

அளவு மிகுவதேன்? ஜீன் என்பதை அலுவலகத்து மூலப்பத்திரமாகக் கொள்ளலாம். பத்திரம் பெட்டியில் இருப்பதால் மட்டும் எதுவும் நிகழ்வதில்லை. எத்தனை நகல்கள் எடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே வேலை நடக்கும். இந்நகலெடுப்பையே ஜீனின் வெளிப்பாடு என்கிறோம். ஆண்மை ஹார்மோன் ஆக்கத்திற்கு இன்றியமையாத நொதி ஒன்றுக்கு உரிய சி.ஒய்.பி.17 என்னும் ஜீன், இந்நோயுற்றாரின் தீக்கா அணுக்களில் மிகுதியாக வெளிப்படுகிறது. அவ்வணுக்களை உடலினின்று பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோதும் இம்மிகுதி நீங்கவில்லை என்பது வியப்புக்குரியது. கோளாறின் ஒரு பகுதி அணுவினுள்ளேயே உறைகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2014-இல் டென்டி1ஏ என்னும் மற்றொரு ஜீனின் ஒருவகை வடிவமும் இவ்வணுக்களில் மிகுந்திருக்கக் கண்டனர்.

மற்றொரு பகுதி இன்சுலினைச் சார்ந்தது. தசைகள் இன்சுலினின் ஏவலைச் சரிவர ஏற்காதபொழுது கணையம் அதனை மேலும் மேலும் சுரக்கிறது. சூற்பையோ அவ்வேவலை ஏற்று ஆண்மை ஹார்மோனைப் பெருக்குகிறது. அதேசமயம், அந்த ஹார்மோனைக் குருதியில் பற்றிவைத்திருக்கும் புரதத்தை ஈரல் குறைவாக ஆக்குகிறது. ஆகையால் மொத்த அளவு இயல்பாகத் தோன்றினும், பற்றப்படாது தனித்துச் செயலாற்றும் பகுதி உயர்ந்திருத்தல் கூடும்.

நோய் சூற்பையோடு நிற்பதன்று என்பதற்குத் திருவனந்தபுரத்து இராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தின் ஆராய்ச்சி நல்ல சான்று. அம்மையத்து விஞ்ஞானி மாலினி லலோரயாவும் குழுவினரும் நோயுற்ற பெண்களின் குருதியை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். உடலின் தற்காப்புப் படை எல்லை மீறாது அடக்கிவைக்கும் ஒழுங்காக்க டி-அணுக்கள் அக்குருதியில் குறைந்திருந்தன. ஃபாக்ஸ்பி3 என்னும் ஜீன் வெளிப்படுவதாலேயே இவ்வணுக்கள் தம் தன்மையைப் பெறுகின்றன. இன்டர்லூகின்-2 என்னும் பொருள் வழியாக இவற்றுக்கு வரவேண்டிய ஏவல் பிறழ்ந்தமையே குறைவின் காரணம் என அவர்கள் கண்டனர்.

மகப்பேற்று வயதுப் பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேர் வரை இந்நோய்க்கு உள்ளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டிருந்தது. இவர்களுள் மெலிந்த உடலினரும் உண்டு. ஆதலின் சோம்பலும் பெருந்தீனியுமே காரணம் என்று பள்ளி மாணவியைக் கடிவது அறியாமையாம். உடற்பயிற்சியும் உணவு ஒழுங்கும் இன்சுலின் அளவைத் தணிக்க உதவுவன. நீரிழிவுக்கு இடமுண்டாதலின் குருதிச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். சூல் முதிரச் செய்யும் மருந்துகள் உள. தாய்மை வாயாது என அஞ்சுவதற்கில்லை.

பூப்பெய்திய முதலாண்டில் ஒழுங்கின்மை இயல்பே. அடுத்த ஈராண்டுகளில் இடைவெளி 45 நாளுக்கு மேலும், அதன்பின் 35 நாளுக்கு மேலும் நீளுமாயின் மருத்துவரை அணுகச் சொல்லலாம். வளரிளம் பருவப் பெண்ணுக்கு இந்நோயை அறிவதன்பொருட்டுச் சூற்பையை ஸ்கேன் செய்தல் வேண்டா என 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறை கூறுகிறது. அவ்வயதில் நுண்பைகள் பல காணப்படுவது நலமுற்ற பெண்களிடத்தும் உள்ளதே.