காரின் பின்னே சைக்கிள்

பருவமழை ஓய்ந்து, அதன் பின் வரும் அக்டோபர் வெம்மையும் தணிந்து, காலைக் காற்று சற்றே குளிரத் தொடங்கியதும், முலுண்டுவாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் சைக்கிள்களின் தூசி தட்டப்படும். லால் பகதூர் சாஸ்திரி சாலையிலோ கிழக்கு விரைவுச் சாலையிலோ பிள்ளைகளைச் சைக்கிள் ஓட்ட அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. கட்டட வளாகத்தின் உள்ளேயோ, நிறுத்திவைக்கப்பட்ட வண்டிகளுக்கு நடுவில் நாலு சுற்று சுற்றுவதற்கே இடம் இருக்கிறது. ஐரோலிப் பாலத்தைக் கடந்து நவி மும்பையின் பாம் பீச் சாலைக்கோ, மலையேறி லோனாவாலாவுக்கோ சென்றால் விசாலமான வெளி கிடைக்கும். ஆனால் மும்பை-பூனா விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பெற்ற அடல் சேதுவிலும் அவ்வாறே. எனவே சைக்கிளைக் காரில் ஏற்றிச் சென்று, ஓட்டத்தக்க இடத்தில் இறக்கி ஓட்டுவதே வழி என்றாகிறது. மும்பை நகரின் ஐந்து நுழைவாயில்களிலும் கார்களுக்குச் சுங்கக் கட்டணம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டதனால், செக் நாக்காவைத் தாண்டுவதற்கு இருந்த சிறு தயக்கமும் இப்போது இல்லை.

காரில் சைக்கிளை ஏற்றும் முறைகள் பலவாயினும், அவற்றுள் மேல்நாடுகளில் மிகுதியாக வழங்குவதும், நம்மவர் இப்போது விரும்பித் தேடுவதும் 'ஹிட்ச்' எனும் இழுவைக் கொளுவியில் பொருத்தும் தாங்கியே ஆகும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் சற்றுத் தொல்லை தருவதுதான். கொக்கி என்றால் வளைந்த கம்பி நினைவுக்கு வருகிறது. இணைப்பான் என்றால் ரெயில் பெட்டி நினைவுக்கு வருகிறது. காரின் பின்புற அடித்தளத்தில் முடுக்கப்பட்ட ஒரு குறுக்கு உத்தரமும், அதன் நடுவே பின்னோக்கித் திறந்திருக்கும் சதுர இரும்புக் குழாயுமே இங்குக் குறிக்கப்படும் பொருள். அக்குழாயின் உள்வாய் 2 அங்குலமாகவோ ஒன்றேகால் அங்குலமாகவோ இருக்கும். ஐரோப்பிய வழக்கில் சதுரக் குழாய்க்குப் பதிலாக 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். தாங்கி வாங்குமுன் தம் வண்டியில் உள்ளது இவற்றுள் எது என்று பார்த்துக்கொள்ளுதல் முதல் வேலை. ஒன்றுக்குரிய தாங்கி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

நம் நாட்டில் விற்பனையாகும் சிறிய கார்களில் இக்கொளுவி பெரும்பாலும் இருப்பதில்லை; பின்னர்ப் பொருத்துவித்துக் கொள்ள வேண்டியதே. இங்குதான் கவனம் மிகுதியும் தேவை. காரின் பின்முகப்பில் நாம் காண்பது பிளாஸ்டிக் உறை; அது பாரம் தாங்காது. அதற்கு உள்ளே, இருபுறமும் நீளவாட்டில் ஓடும் எஃகுச் சட்டங்களே பாரம் தாங்குவன. கொளுவி அச்சட்டங்களில், கார் செய்தவர் குறித்த துளைகளில், குறித்த முறுக்கு அளவில் முடுக்கப்படல் வேண்டும். தெருவோரப் பட்டறையில் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னுள்ள மெல்லிய தகட்டோடு பற்றவைத்து, 'நன்றாக நிற்கும் சாஹேப்' என்று கையைத் துடைத்துக் கொள்வாரை நம்புதல் கூடாது. புதிதாகத் துளையிட நேர்ந்தால் துளையின் விளிம்பில் துருத்தடுப்புப் பூச்சு இடாமல் விடலாகாது. மும்பையின் நான்கு மாத மழையும் கடற்காற்றும் கூடினால், பூச்சற்ற துளை இரண்டே ஆண்டுகளில் தன் கணக்கைக் காட்டிவிடும். பொருத்திய பின் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, திருகாணிகளை மறுபடி ஒருமுறை முடுக்குவதும் அவசியமாகும்.

ஏன் இத்தனை எச்சரிக்கை எனில், அதற்கு விடையை நம் ஊர் மாட்டுவண்டிக்காரர் எந்நாளும் அறிவர். அச்சுக்கு முன்னால் பாரம் மிகுந்தால் முன்பாரம், மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் மிகுந்தால் பின்பாரம், நுகத்தடி மேலே தூக்கும். காரும் அவ்விதிக்கு உட்பட்டதே. தாங்கியின் எடை 15 கிலோ, சைக்கிள் இரண்டும் தலைக்கு 15 கிலோ, ஆக 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இப்பாரத்தின் நடுப்புள்ளி பின்னச்சிலிருந்து 1.3 மீட்டர் பின்தள்ளி நிற்பதாகவும், காரின் இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2.5 மீட்டர் என்றும் கொண்டால், பின்சக்கரங்களின் மேல் கூடுவது 45 கிலோ அன்று; ஏறத்தாழ 68 கிலோ ஆகும். மிகுதியான 23 கிலோ முன்சக்கரங்களிலிருந்து கழிந்துவிடுகிறது. திசைதிருப்புவதும், பெரும்பாலான கார்களில் இழுவை கொடுப்பதும், தடையின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்சக்கரங்களே என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கழிவின் பொருள் விளங்கும். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, பெட்டியறையில் சாமான்களும் நிறைந்திருக்க, அதற்கு மேல் இதையும் ஏற்றினால், கார் மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஓடும். இரவில் அதன் விளக்கொளி எதிரே வருவோர் கண்ணில் பாயும்.

மேற்கண்ட கணக்கு அசையாமல் நிற்கும் காருக்கு உரியது. குழியில் இறங்கி ஏறும்போது அதே 45 கிலோ ஒரு கணத்துக்கு இருமடங்காகவோ அதனினும் மிகுந்தோ தாங்கியின் மேல் மோதும். ஆகவேதான் கொளுவியின் மேல் செங்குத்தாக ஏற்றத்தக்க எடை இவ்வளவு என்று ஒரு தகட்டில் பொறித்திருப்பர். சிறிய கார்களுக்குரியவற்றில் அது 50 கிலோ அளவிலும், பெரியவற்றில் 75 கிலோவும் அதற்கு மேலுமாக இருத்தல் வழக்கம். அத்தகடு இல்லாத கொளுவியை வாங்காதிருப்பதே நன்று. பொறித்த எடையில் தாங்கியின் சொந்த எடையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தோன்றியபின் நம் வீடுகளில் பெருகிய ஹெர்குலிஸ் போன்ற பழைய கனத்த சைக்கிள் 20 கிலோ அளவு இருக்கும். இன்றைய மின்சைக்கிளோ அதையும் விஞ்சும். அதன் மின்கலத்தைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்வது பாரத்தையும் குறைக்கும், மழையினின்றும் காக்கும்.

தாங்கி இருவகைப்படும். ஒன்று, நிமிர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து நீளும் இரு கைகளில் சைக்கிளின் மேல்தண்டைத் தொங்கவிடுவது. மற்றொன்று, சைக்கிளின் இரு சக்கரங்களையும் தட்டில் நிறுத்தி, மேலிருந்து ஒரு கையால் பிடித்துக்கொள்வது. முன்னது விலை குறைவு, எடையும் குறைவு. ஆயினும் நடுத்தண்டு தாழ்ந்த பெண்கள் சைக்கிளையும் குழந்தைகளின் சிறு சைக்கிளையும் அதில் மாட்டுவது எளிதன்று. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு தற்காலிகத் தண்டைப் பூட்டி, அதைக் கொண்டே தொங்கவிட வேண்டும். கார்பன் இழையால் ஆன சட்டமுள்ள சைக்கிளை அதில் இறுக்கிப் பிடித்தால் சட்டம் விரிசல் காணக்கூடும். குடும்பத்தில் பலவகைச் சைக்கிள்கள் இருப்பின் தட்டுவகையே தக்கது என்பது நம் கருத்து.

பூட்டும் முறை கடினமானதன்று. தாங்கியின் தண்டைச் சதுரக் குழாயுள் செலுத்தி, துளைக்குத் துளை நேராக வந்ததும் குறுக்காணியைச் செருக வேண்டும். வண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி எப்படியோ, தாங்கிக்கு இக்குறுக்காணி அப்படி. அதன் மறுமுனையில் கொண்டையூசி போன்ற சிறு கம்பியை மாட்டினாலன்றி ஆணி கழன்றுவிடும். பின்னர் ஆட்டத்தைப் போக்கும் திருகை இறுக்கிவிட்டு, தாங்கியைக் கையால் பற்றி உலுக்கிப் பார்க்க வேண்டும். உலுக்கும்போது கார் முழுவதும் அசைந்தால் பூட்டு சரி, தாங்கி மட்டும் அசைந்தால் சரியன்று. கனமான சைக்கிளைக் காருக்கு மிக அருகில் முதலாவதாகவும், இலேசானதை வெளியேயும் ஏற்றுதல் வேண்டும். அடுத்தடுத்த சைக்கிள்களின் கைப்பிடிகளை எதிரெதிர்த் திசையில் வைத்தால் ஒன்றோடொன்று உரசா. சக்கரம் எதுவும் புகைக்குழாயின் வாய்க்கு நேராக வரலாகாது; சூடு ரப்பரை உருக்கிவிடும்.

கட்டுவதற்கு நைலான் பட்டையே ஏற்றது. தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் ஒரு நிலை, உலர்ந்தால் ஒரு நிலை. இழுத்தால் நீளும் ரப்பர்க் கயிறோ, பாரம் துள்ளும்போது தானும் துள்ளும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் அது எழுப்பும் விர்ரென்ற ஓசை அடங்கும். தொங்கும் சக்கரங்கள் தாமே சுழலாதவாறு அவற்றையும் கட்ட வேண்டும். புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டருக்குள் ஒருமுறை ஓரமாக நிறுத்தி, கட்டுகளை மறுபடி இழுத்துப் பார்ப்பது எவ்வளவு விரைவு இருப்பினும் விடக்கூடாத வேலை. பட்டை தளர்ந்து சைக்கிள் சாலையில் விழுமாயின், நட்டம் நம் சைக்கிளோடு நிற்பதில்லை. பின்னே மோட்டார் சைக்கிளில், மனைவியையும் குழந்தையையும் அமர்த்திக்கொண்டு வருபவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு விலகுவதற்கு ஒரு நொடிதான் கிடைக்கும்.

ஓட்டுகையில், கார் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டுவிட்டது என்பது நினைவில் இருக்க வேண்டும். வேகத்தடை மேட்டின் உச்சியைக் கடந்து பின்சக்கரம் இறங்கும்போது தாங்கியின் அடி தரையில் உரசும். ஆகவே நிதானம் தேவை. பின்னோக்கிச் செலுத்தும்போது எச்சரிக்கைக் கருவி சைக்கிளையே தடையென்று கருதி ஓயாது ஒலிக்கும். அதை நம்பாமல் ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்வது மேல். வீடு திரும்பியதும் தாங்கியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். நெருக்கமான வண்டி நிறுத்தத்தில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, இருட்டில் நடப்போரின் காலைப் பதம் பார்க்கும்.

சட்டத்தைப் பற்றியும் கூற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. பாரம் அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ பின்புறமோ நீட்டிக்கொண்டிருந்தால், 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். காரின் முன்னும் பின்னும் இரும்புக் காப்புச் சட்டங்கள் பொருத்துவதை மத்திய அரசு 2017 டிசம்பரில் தடுத்தது. சைக்கிள் தாங்கி காப்புச் சட்டம் அன்று எனினும், நிரந்தரமாகப் பொருத்தப்பட்டு வெளியே நீண்டு நிற்கும் கொளுவியைச் சோதனை செய்வோர் அவ்வாறே கருத இடமுண்டு. அனைத்தினும் முதன்மையானது எண்பலகை. அதையும் பின்விளக்குகளையும் சைக்கிள் மறைக்கலாகாது. ஐரோப்பாவில் தாங்கியின் மேலேயே எண்பலகையும் விளக்குகளும் அமைவது வழக்கம். நம் உயர்பாதுகாப்பு எண்பலகையோ ஒருமுறை பூட்டினால் உடைத்தாலன்றிக் கழலாத பூட்டு உடையது. அதைக் கழற்றித் தாங்கிக்கு மாற்ற இயலாது. முலுண்டு அன்பர்கள், பணம் செலவழிக்குமுன், வடாலாவிலுள்ள மும்பைக் கிழக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்வது நலம். அப்பதிலின் நகலைக் காரிலேயே வைத்துக்கொள்ளலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதி அறிவித்துவிட வேண்டும்.

நால்வர் செல்லும் பெரிய ஜீப் வகை வண்டி வைத்திருப்போர்க்கு, எண்பலகைச் சிக்கல் தீருமாயின், இத்தாங்கி நல்ல துணையே. வரிச்சலுகையின் பொருட்டு நான்கு மீட்டருக்குள் அடக்கிச் செய்யப்பட்ட சிறு காரை உடையவர்க்கு நாம் இதைப் பரிந்துரைப்பதற்கில்லை. சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, பின்னிருக்கையை மடித்து, பழைய போர்வை ஒன்றை விரித்து உள்ளேயே படுக்க வைத்துவிடலாம். இருவர் சென்றுவர அது போதும். கூரைமேல் ஏற்றுவதும் உண்டு. எண்பலகை மறையாது என்பது அதன் நன்மை. தாழ்ந்த கூரையுள்ள வண்டி நிறுத்தத்தில் நுழையும்போது மேலே சைக்கிள் இருப்பதை மறந்துவிடுவது அதன் தீமை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது சைக்கிளையும் காரின் பின்னே கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னைக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். அத்தனை தூரம் குழிகளும் லாரிகளின் புழுதியும் இடையில் இரவுத் தங்கலும் இருக்க, திறந்தவெளியில் தொங்கும் சைக்கிளுக்குக் காவல் இருப்பதே ஒரு வேலையாகிவிடும். அதற்கு ரெயில்வே பார்சல் அலுவலகமே வழி. முன்சக்கரத்தையும் பெடல்களையும் கழற்றிச் சட்டத்தோடு கட்டி, சங்கிலியின் எண்ணெய்ப் பசை பிற மூட்டைகளில் ஒட்டாதவாறு சாக்கினால் சுற்றித் தைத்து, இறங்கும் ஊரின் பெயரையும் பெறுபவர் முகவரியையும் அழியாத மையினால் சாக்கின் மேல் இரண்டு இடங்களில் எழுதி ஒப்படைக்க வேண்டும்.